சீட்டுக்கு என்ன விலை? நற்பணிக் குலுக்கலின் வரலாறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சில ஆண்டுகளுக்கு முன், நாம் ஓதிக்கொடுத்துவந்த ஒரு மத்ரஸாவின் மேல்தளம் மழைக்காலத்தில் ஒழுகத் தொடங்கியது. பிள்ளைகள் கிதாபுகளை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கி அமர்ந்து ஓதினார்கள். இஷாவுக்குப் பின் நிர்வாகிகள் கூடினார்கள். பரிசுக் குலுக்கல் நடத்தி நிதி திரட்டுவது என்ற முடிவு முன்பே எடுக்கப்பட்டிருந்தது. முதல் பரிசாக ஒரு தங்க நாணயம் என்பதும் பேசி முடிந்திருந்தது. அன்றிரவு எஞ்சியிருந்தது ஒரே கேள்விதான்: சீட்டுக்கு என்ன விலை வைப்பது?

நூறு ரூபாய் என்றார்கள் இளைஞர்கள். ஏழைகளும் வாங்க வேண்டுமே, ஐம்பது போதும் என்றார் ஒரு பெரியவர். இருபது வைத்தால் யோசிக்காமல் வாங்குவார்கள், எண்ணிக்கையில் ஈடுகட்டிவிடலாம் என்றார் கடை வைத்திருந்த ஒரு நிர்வாகி. இறுதியில் எல்லோரும் நம் பக்கம் திரும்பி, "ஹஜ்ரத், நீங்கள் ஒரு விலை சொல்லிவிடுங்கள்" என்றார்கள்.

நாம் விலை சொல்லவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அன்று மாலை, பிள்ளையை அழைத்துச் செல்ல வந்த தந்தை ஒருவர் நம்மைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவர் சந்தையில் சுமை தூக்குபவர். "ஹஜ்ரத், அந்தச் சீட்டில் ஒன்று வாங்கினால் எனக்கு ஸதகாவின் நன்மை கிடைக்குமா?" என்றார். பத்தாண்டுகளுக்கும் மேலாக ஃபிக்ஹு பாடம் நடத்தியிருந்தும் அந்த எளிய கேள்விக்கு உடனே பதில் சொல்ல நம் நா எழவில்லை. நாமும் மாணவப் பருவத்தில் இத்தகைய சீட்டுப் புத்தகத்தைக் கையிலேந்தித் தெருத்தெருவாக விற்றவர்களே.

அந்த ஒரு வாரத்தில் கிதாபுகளிலும் வரலாற்று நூல்களிலும் நாம் தேடிக் கற்றதையே இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

பத்து அம்புகளும் ஓர் ஒட்டகமும்

நற்பணிக்கான குலுக்கல் நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், திருக்குர்ஆன் 'மைஸிர்' என்று பெயரிட்டுத் தடுத்த சூதாட்டமே ஏறத்தாழ அத்தகைய ஒன்றுதான்.

இமாம் ஜமக்ஷரீ (ஹிஜ்ரி 538இல் மறைந்தவர்) தமது 'அல்கஷ்ஷாஃப்' என்னும் விரிவுரையில், அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனத்துக்கு விளக்கம் எழுதும்போது அந்த ஆட்டத்தின் முறையை விவரிக்கிறார். ஜாஹிலிய்யாக் கால அரபுகளிடம் பத்து அம்புகள் இருந்தன. ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு. முதல் அம்பான 'ஃபத்து'க்கு ஒரு பங்கு, அடுத்த 'தவ்அம்' அம்புக்கு இரண்டு, 'ரகீபு'க்கு மூன்று என்று ஏறிக்கொண்டே சென்று, ஏழாவதான 'முஅல்லா'வுக்கு ஏழு பங்குகள். எஞ்சிய மூன்று அம்புகளான மனீஹ், ஸஃபீஹ், வஃக்து ஆகியவற்றுக்குப் பங்கே இல்லை. இன்றைய மொழியில் சொன்னால் அவை பரிசு விழாத சீட்டுகள்.

ஓர் ஒட்டகத்தை வாங்கி அறுத்துப் பங்கிடுவார்கள். பத்துப் பங்கு என்று ஓர் அறிவிப்பும், இருபத்தெட்டுப் பங்கு என்று மற்றோர் அறிவிப்பும் உண்டு. ஒன்று முதல் ஏழு வரை கூட்டினால் இருபத்தெட்டு வருவதை வாசகர்கள் கவனிக்கலாம். அம்புகளை ஒரு பையிலிட்டு நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒப்படைப்பார்கள். அவர் குலுக்கி, ஒவ்வொருவர் பெயருக்கும் ஓர் அம்பை உருவுவார். பங்குள்ள அம்பு வந்தவர் தம் பங்கைப் பெறுவார். வெற்று அம்பு வந்தவருக்கு இறைச்சி கிடையாது. அதோடு முடிவதில்லை, ஒட்டகத்தின் முழு விலையையும் கட்ட வேண்டியவர்கள் அவர்களே.

இந்த இடத்தில்தான் நாம் கிதாபை மூடிவைத்துச் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். ஏனெனில் அடுத்து இமாம் அவர்கள் எழுதுவது இது: வென்றவர்கள் அந்த இறைச்சியைத் தாம் உண்பதில்லை, ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதைப் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். ஆட்டத்தில் கலந்துகொள்ளாதவனைப் 'பரம்' என்று இழிபெயரிட்டுப் பழிப்பார்கள்.

கடுங்குளிரும் பஞ்சமும் வாட்டும் காலத்தில், கூடாரங்களில் உணவின்றிக் கிடந்த ஏழைகளுக்கு இறைச்சி கிடைக்க அன்று இருந்த வழிகளில் இதுவும் ஒன்று. நோக்கம் தர்மம். பயன் பெறுபவர் ஏழை. குலுக்குபவர் நாணயமானவர். ஒதுங்கி நிற்பவர் கஞ்சர் என்று பெயர் வாங்குவார். நம் ஊர்களில் நற்பணிக் குலுக்கலுக்கு இன்று சொல்லப்படும் நியாயங்களில் எதுவும் அங்கே குறைவில்லை.

இருந்தும் வல்ல ரஹ்மான் அதைத் தடுத்தான்.

ஒரே வசனத்தில் இரண்டு கேள்விகள்

தடை இரு கட்டங்களாக வந்தது. முதலில் அல்பகராவின் 219ஆம் வசனம். மதுவிலும் சூதிலும் பெரும் பாவமும் மனிதர்களுக்குச் சில பயன்களும் உள்ளன என்றும், பயனைவிடப் பாவமே பெரிது என்றும் அது அறிவிக்கிறது. சூதின் பயன் என்று இங்கே சொல்லப்பட்டதில், ஏழைகளுக்கு இறைச்சி கிடைத்ததும் அடங்கும் எனப் பல விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். பின்னர் அல்மாயிதாவின் 90, 91ஆம் வசனங்கள் இறங்கி முற்றாகத் தடுத்தன. பகைமை, வெறுப்பு, இறைநினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுத்தல் ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன.

நன்மையான நோக்கம் இருந்தால் சூது கூடும் என்று வாதிடுவோருக்கு முதல் வசனமே பதிலாக நிற்கிறது. பயன் உண்டு என்பதை அது மறுக்கவில்லை. பயனை ஒப்புக்கொண்ட பிறகே பாவம் பெரிது என்கிறது.

ஆனால் அந்த வசனம் அங்கே முடிந்துவிடவில்லை. நாம் பலமுறை ஓதியும் கவனியாது கடந்த பகுதி அதற்கு அடுத்தது. அதே வசனத்தில் மக்களின் இரண்டாவது கேள்வி வருகிறது: எதைச் செலவிடுவது? அதற்கு இறைவன் தந்த பதில் ஒரே சொல்: 'அல்அஃப்வ்'. தேவைக்குப் போக மிஞ்சியது என்று இதற்குப் பொருள் கூறுவர்.

சூதைப் பற்றிய கேள்வியும், தர்மத்துக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வியும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. அன்றிரவு நம் நிர்வாகிகள் கேட்ட 'என்ன விலை வைப்பது' என்பதற்கான பதில் இங்கே இருக்கிறது. சீட்டுக்கு ஒரே விலை. மிச்சத்துக்கோ ஆளுக்கோர் அளவு. துணிக்கடைக்காரரின் மிச்சமும் சுமை தூக்குபவரின் மிச்சமும் ஒன்றல்ல. ஒரு விலையை அச்சடித்த உடனேயே செல்வருக்கு மிகக் குறைவாகவும் ஏழைக்கு மிக அதிகமாகவும் கேட்டுவிடுகிறோம்.

பத்து ஷில்லிங், மூன்று பவுண்டு

சீட்டின் விலையை எப்படி வைப்பது என்று அரசுகளே திணறிய வரலாறு உண்டு. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசி 1567இல் ஒரு குலுக்கலை அறிவித்தார். துறைமுகங்களைப் பழுதுபார்ப்பதும் நாட்டின் பொதுப்பணிகளும் அதன் நோக்கம். மொத்தம் 4,00,000 சீட்டுகள், சீட்டு ஒன்றுக்குப் பத்து ஷில்லிங். முதல் பரிசின் மதிப்பு 5,000 பவுண்டு. சீட்டு வாங்குவோரைச் சில பெருங்குற்றங்கள் தவிர மற்றவற்றுக்காக ஏழு நாட்களுக்குக் கைது செய்வதில்லை என்ற சலுகையும் சேர்க்கப்பட்டது.

பத்து ஷில்லிங் என்பது அந்நாளில் ஒரு தொழிலாளியின் பல நாள் கூலி. சீட்டுகள் தேங்கின. குலுக்கலின் நாள் தள்ளிப்போனது. சீட்டு விற்றுத்தருமாறு உள்ளூர் அதிகாரிகளுக்கு மேலிருந்து கடிதங்கள் பறந்தன. கொடை என்று தொடங்கியது வற்புறுத்தலாக மாறியது. இறுதியில் 1569இல் லண்டன் புனித பவுல் பேராலயத்தின் அருகே குலுக்கல் நடந்தபோது, பரிசுகள் அறிவித்ததில் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டன.

அடுத்த எடுத்துக்காட்டு நம் பிள்ளைகள் பாடநூலில் பெயர் படிக்கும் பிரிட்டிஷ் அருங்காட்சியகம். மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன் விட்டுச்சென்ற அரும்பொருள் தொகுப்பை 20,000 பவுண்டுக்கு வாங்கவும், அதை வைக்க இடம் காணவும் பணம் தேவைப்பட்டது. 1753இல் பாராளுமன்றம் ஒரு குலுக்கலுக்குச் சட்டம் இயற்றியது. 1,00,000 சீட்டுகள், ஒன்றுக்கு மூன்று பவுண்டு, ஆக மொத்தம் 3,00,000 பவுண்டு. அதில் 2,00,000 பரிசுகளுக்கு, மீதி அருங்காட்சியகத்துக்கும் செலவுகளுக்கும்.

ஒருவர் இருபது சீட்டுகளுக்கு மேல் வாங்கலாகாது என்று விதி இருந்தது. ஆனால் குலுக்கலை நடத்தும் பொறுப்பிலிருந்த பீட்டர் லெஹ்யூப் என்பவரே போலிப் பெயர்களில் சீட்டுகளைக் குவிக்க வழிசெய்து, பின்னர் கூடுதல் விலைக்கு விற்கச் செய்தார். பெருந்தொகை ஈட்டிய அவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 1,000 பவுண்டு. அருங்காட்சியகத்துக்கு 95,000 பவுண்டுக்குச் சற்று மேல் கிடைத்தது. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய காரியம் நீதிமன்றத்தில் முடிந்தது.

அதே வழக்கம் கம்பெனி ஆட்சியோடு இந்தியாவுக்கும் வந்தது. கல்கத்தாவில் 1813இல் கட்டி முடிக்கப்பட்ட டவுன் ஹாலுக்குக் குலுக்கல் பணமே உதவியது. 1817இல் அங்கே 'லாட்டரி கமிட்டி' என்ற பெயரிலேயே ஒரு குழு அமைந்து, சாலை போடுவதையும் குளம் வெட்டுவதையும் சீட்டுப் பணத்தால் செய்தது. ஆனால் தாய்நாடான இங்கிலாந்திலேயே இதன் கேடுகளைப் பாராளுமன்றக் குழு 1808இல் ஆராய்ந்து கண்டித்தது. ஏழைக் குடும்பங்கள் வீட்டுப் பொருட்களை அடகு வைத்துச் சீட்டு வாங்கிய அவலங்கள் வெளிவந்தன. 1826இல் அங்கே அரசுக் குலுக்கல் நிறுத்தப்பட்டது. ஏழைகளின் கையில் இருந்ததை உறிஞ்சித்தான் பொதுப்பணி நடந்தது என்று அந்த அரசே கண்டுகொள்ள இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று.

ஒரு ரூபாயின் தந்திரம்

பத்து ஷில்லிங் விலை கற்பித்த பாடத்தை இருபதாம் நூற்றாண்டின் அரசுகள் நன்றாகக் கற்றுக்கொண்டன. விலையைக் குறைத்துவிட்டால் யாரும் யோசிக்கமாட்டார்கள் என்பதே அது. நம் கூட்டத்தில் இருபது ரூபாய் சொன்ன நிர்வாகியின் யோசனையும் இதுவேதான்.

அண்டை மாநிலமான கேரளத்தில் 1967 நவம்பர் முதல் நாள் அரசுப் பரிசுச் சீட்டு விற்பனைக்கு வந்தது. சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். முதல் குலுக்கல் 1968 குடியரசு நாளில் நடந்தது. அத்திட்டத்தைக் கொண்டுவந்த நிதியமைச்சர் பி. கே. குஞ்சு ஒரு முஸ்லிம் என்பதை நாம் வருத்தத்தோடு குறிக்கிறோம். அவரது ஆட்சித்திறனை எடைபோடுவது நம் நோக்கமன்று.

தமிழகத்திலும் 1968இல் அரசுப் பரிசுச் சீட்டு தொடங்கியது. இங்கும் விலை ஒரு ரூபாய்தான். விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற வாசகம் அந்நாளில் எல்லோர் வாயிலும் வழங்கியது. அவ்வாசகத்தின் வலிமையைக் கவனியுங்கள். தோற்றவரிடம் 'நீ தோற்கவில்லை, தர்மம் செய்தாய்' என்று அது ஆறுதல் சொல்கிறது. நம் நிர்வாகிகளும் பெயரை மட்டும் மாற்றி இதையே சொன்னார்கள்: விழுந்தால் நமக்கு, விழாவிட்டால் மத்ரஸாவுக்கு.

பின்னர் நடந்தது நம் வயதை ஒத்தவர்களுக்குத் தெரியும். பேருந்து நிலையங்களிலும் தேநீர்க் கடை வாசல்களிலும் பல மாநிலச் சீட்டுகள் தோரணமாகத் தொங்கின. அன்றைய கூலியை அன்றே சீட்டாக்கிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய தந்தையர் நம் மஹல்லாக்களிலும் இருந்தார்கள். ஒரு சீட்டின் விலை சிறிதுதான். ஆனால் சிறிய விலை என்பதாலேயே அது நாள்தோறும், பத்து இருபதாக வாங்கப்பட்டது. 2003 சனவரியில் தமிழக அரசு எல்லா லாட்டரிச் சீட்டு விற்பனைக்கும் தடை விதித்தது. பல வீடுகளில் அடுப்பு எரிந்தது.

அரசு நடத்தாத, அரசின் அனுமதி பெறாத குலுக்கலுக்கென்று அலுவலகம் வைப்பதை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294ஏ பிரிவு குற்றமாக்கியிருந்தது. அதன் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவ்விதி தொடர்கிறது. ஆகவே மார்க்கச் சட்டத்தைப் பேசுமுன் நாட்டுச் சட்டமும் ஜமாஅத்துகள் கவனிக்க வேண்டிய ஒன்று.

விலைக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

மீண்டும் நம் மத்ரஸாவின் கணக்குக்கு வருவோம். நூறு ரூபாய் வீதம் ஆயிரம் சீட்டுகள் விற்றால் ஒரு இலட்சம் ரூபாய். பரிசுக்கு முப்பதாயிரம் போனால் மத்ரஸாவுக்கு எழுபதாயிரம். அச்சுக்கூலியை விட்டுவிடுவோம்.

இப்போது அந்த நூறு ரூபாயை உடைத்துப் பாருங்கள். எழுபது மத்ரஸாவுக்குச் செல்கிறது. முப்பது பரிசுக் குவியலுக்குச் செல்கிறது. அந்த முப்பது என்ன? தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரின் பணம் ஒருவர் கைக்குப் போகிறது. எவருக்குப் போகும் என்பது யாருக்கும் தெரியாது. கொடுத்தவர் ஒவ்வொருவரும் அது தமக்கு வர வேண்டும் என்றே நாடுகிறார். கிமார் என்று ஃபுகஹாக்கள் வரையறுத்தது இதைத்தான்: பணம் கட்டியவர் ஒன்று ஆதாயம் அடைவார், அல்லது கட்டியதை இழப்பார், இரண்டில் எது என்பது தற்செயலைப் பொறுத்தது. வெற்று அம்பு வந்தவர்களே ஒட்டகத்தின் விலையைச் சுமந்தார்களே, அதே கணக்கு. அங்கே மூவர், இங்கே தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர்.

எழுபது ரூபாயாவது தர்மம்தானே என்று கேட்கலாம். கொடுத்தவர் ஒரே கொடுக்கலில், ஒரே நிய்யத்தில், ஒரு வாய்ப்பை விலைக்கு வாங்குகிறார். அதை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை மட்டும் ஸதகா என்று எழுத வழியில்லை. அல்லாஹ் தூயவன், தூயதையன்றி ஏற்பதில்லை என்ற கருத்தில் நபிகளார் (ஸல்) அவர்கள் அருளிய ஹதீஸை முஸ்லிம் நூலில் காண்கிறோம்.

பரிசை ஒரு செல்வர் அன்பளிப்பாகத் தந்துவிட்டால் என்ன என்றும் நம் கூட்டத்தில் கேட்கப்பட்டது. அப்போதும் சீட்டு வாங்குபவர் பணம் கட்டியே அந்த வாய்ப்பைப் பெறுகிறார். ஆகவே சட்டம் மாறுவதில்லை என்பதே பெரும்பாலான ஆலிம்களின் நிலைப்பாடு. மறைந்த அறிஞர் யூசுஃப் அல்கர்ளாவீ, பல விடயங்களில் இலகுவான கருத்துடையவர் என்று அறியப்பட்டவர். அவரே 'அல்ஹலால் வல்ஹராம்' நூலில், நற்பணியின் பெயரால் லாட்டரியை அனுமதிக்க முடியாது என்று உறுதியாக எழுதியிருக்கிறார்.

இன்னொரு நுட்பத்தையும் பாருங்கள். தன் தோழரைச் சூதாட வா என்று அழைத்துவிட்டவர் அதற்கு ஈடாகத் தர்மம் செய்யட்டும் என நபிகளார் (ஸல்) அவர்கள் கூறியதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ், புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஆட வேண்டாம், அழைத்ததற்கே தர்மம் பரிகாரமாகிறது. சூதின் அழுக்கைக் கழுவ வந்த நீர் தர்மம். அந்த நீரை இறைக்கச் சூதையே வாளியாக்கலாமா?

கட்டணமில்லாத குலுக்கல்

சீட்டுக் குலுக்குவதே ஹராம் என்று யாரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். 'குர்ஆ' என்னும் திருவுளச்சீட்டு நம் மார்க்கத்தில் உள்ளது. மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்று எழுதுகோல்களை எறிந்து முடிவுசெய்ததை ஆலு இம்ரான் அத்தியாயம் (3:44) குறிப்பிடுகிறது. பயணம் புறப்படும்போது நபிகளார் (ஸல்) அவர்கள் தம் துணைவியரிடையே சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவரை அழைத்துச் செல்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பாங்கு சொல்வதிலும் முதல் வரிசையிலும் உள்ள நன்மையை மக்கள் அறிந்தால் அதற்காகச் சீட்டுக் குலுக்கிக்கொள்வார்கள் என்றும் ஹதீஸ் உண்டு.

இவற்றில் எதிலும் நுழைவுக் கட்டணம் இல்லை. பெயர் வராதவர் எதையும் இழக்கவில்லை. ஆகவே மத்ரஸா ஆண்டு விழாவில் வந்திருக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் இலவசமாகச் சீட்டுக் கொடுத்து, ஒருவருக்குப் பரிசளித்தால் தடையில்லை. சீட்டுக்கு விலை என்று ஒன்று வந்த கணமே குர்ஆ, கிமாராகிவிடுகிறது. ஐம்பதா நூறா என்பதல்ல வேறுபாடு; விலை உண்டா இல்லையா என்பதே.

அரை ஸாவு பேரீச்சம்பழம்

அப்படியானால் கூரைக்கு வழி என்ன? நம் முன்னோர் என்ன செய்தார்கள்?

தபூக் போருக்குப் படை திரட்டப்பட்ட நெருக்கடியான நேரம். உஸ்மான் (ரலி) அவர்கள் ஆயிரம் தீனார்களைக் கொண்டுவந்து நபிகளார் (ஸல்) அவர்களின் மடியில் கொட்டினார்கள் என்று திர்மிதீயில் உள்ளது. புகாரியில் அபூமஸ்ஊத் அல்அன்ஸாரீ (ரலி) அவர்களின் அறிவிப்பு ஒன்று உண்டு. தர்மம் செய்யக் கட்டளை வந்தபோது, கொடுக்க ஏதுமில்லாத தோழர்கள் கூலிக்குச் சுமை தூக்கச் சென்றார்கள். அபூஅகீல் (ரலி) அவர்கள் அரை ஸாவு பேரீச்சம்பழத்தோடு வந்தார்கள். நம் அளவில் ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோ இருக்கும். இவருடைய தர்மம் அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று நயவஞ்சகர்கள் எள்ளினார்கள். அவர்களைக் கண்டித்து வசனமே இறங்கியது (9:79).

ஆயிரம் தீனாரும் அரை ஸாவும் ஒரே அவையில் ஏற்கப்பட்டன. அங்கே ஒரு விலை அச்சிடப்பட்டிருந்தால் உஸ்மான் (ரலி) அவர்கள் ஒரு சீட்டோடு நின்றிருப்பார்கள். அபூஅகீல் (ரலி) அவர்கள் வாசலிலேயே நின்றிருப்பார்கள்.

நம் நாட்டு மத்ரஸாக்களும் அந்த வழியில்தான் எழுந்தன. 1866இல் தேவ்பந்தில் தாருல் உலூம் தொடங்கியபோது, ஹாஜி முஹம்மத் ஆபித் அவர்கள் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பையாக்கி, தம் பங்காக மூன்று ரூபாயை இட்டுவிட்டு வீடு வீடாகச் சென்றார்கள். மௌலானா காஸிம் நானோத்தவீ அவர்கள் வகுத்த எட்டு விதிகளில், பெயரையும் புகழையும் எதிர்பாராதவர்களின் நன்கொடையே அதிக பரக்கத் உடையது என்ற கருத்து இடம்பெற்றது. நம் தமிழ்ப் பகுதியில் பிடி அரிசி நிதியை அறியாதவர் யார்? உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் இட்டு, மாதம் ஒருமுறை மத்ரஸாவுக்குக் கொடுத்தார்கள் நம் பாட்டிமார்கள். ஒரு பிடியின் அளவை அவரவர் கையே முடிவு செய்தது. 'அல்அஃப்வ்' என்ற சொல்லுக்கு அதைவிட எளிய தஃப்ஸீர் நாம் கண்டதில்லை.

கூட்டத்தின் முடிவு

ஒரு வாரம் கழித்து நாம் இவற்றை நிர்வாகிகளிடம் எடுத்துரைத்தோம். வாக்குவாதம் நடந்தது. பக்கத்து ஊரில் நடத்தினார்களே என்றார்கள். நாமே ஒரு காலத்தில் சீட்டு விற்றதை நினைவூட்டியவர்களும் உண்டு. ஆம், அறியாமல் செய்தோம், அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்றோம். முடிவில் குலுக்கல் கைவிடப்பட்டது. கூரையின் ஒரு சதுர அடிக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு, அதை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். ஒரு சதுர அடியோ, பத்தோ, கால் அடியோ, அவரவர் விரும்பியதைக் கொடுக்கலாம். ரசீது உண்டு, பரிசு இல்லை.

உள்ளதை உள்ளபடி சொல்வதானால், முதல் மாதம் எதிர்பார்த்ததில் பாதிகூட வரவில்லை. குலுக்கல் வைத்திருந்தால் விரைவில் முடிந்திருக்கும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். அடுத்த மழைக்காலத்தின் தொடக்கத்திலும் ஒரு மூலையில் தார்ப்பாய்தான் இருந்தது. அதன் பிறகே, அல்ஹம்துலில்லாஹ், வேலை நிறைவேறியது.

பலகை ஒட்டிய வாரமே அந்தச் சுமை தூக்கும் சகோதரர் வந்து முப்பது ரூபாயை நம் கையில் வைத்தார். "ஹஜ்ரத், இது கால் அடிக்குக்கூடக் காணாது. ஆனால் இதற்கு நன்மை உண்டுதானே?" என்றார். இம்முறை பதில் சொல்ல நம் நா தயங்கவில்லை.

ஜமாஅத் பொறுப்பாளர்களே, உங்கள் ஊரிலும் சீட்டுக்கு என்ன விலை என்ற கேள்வி ஒருநாள் எழும். விலையைப் பேசுமுன், அந்த விலையைச் சுமக்கப்போவது யார், அவர் அதற்கு ஈடாக அல்லாஹ்விடம் எதைப் பெறுவார் என்பதைப் பேசுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் மஸ்ஜிதுகளையும் மத்ரஸாக்களையும் ஹலாலான பொருளால் எழுப்புவாயாக. எளியோரின் ஒரு பிடியை மலையளவாக ஏற்றருள்வாயாக. அறியாமல் செய்தவற்றை மன்னிப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.